செவ்வாய் இரவு ஒன்பதரை

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில்
அற்புதமலர் அன்ரியின் மாடிவீடு.
ரயில் போனால் படம் ஆடும்.
கிருபைராஜா எழும்பிப் போய்
அன்ரெனாக் கம்பியை வலது கையால் பிடித்தபடி நிற்பான்,
இடது கையில் பிளேன்ரீ.

வாரம் ஒரு கதை, வாரம் ஒரு சாவு,
கறுப்பு வெள்ளையில், கீழே சிங்கள எழுத்தோடு.
இரண்டும் பிடிபடாதவர்களுக்குச் செபமாலை சொல்லுவான்,
மன்னாரில் பாதிரிமாரிடம் படித்தவன்.
கொஞ்சம் கூட்டியும் சொல்லுவான்.
கீழ்வீட்டுத் துவான் சஹீட்
தன் கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வருவார்.

அன்றைக்கு:
ஒரு மனிதன், ஒரு அறை, வெளியே மரப்படி.
இரவில் யாரோ ஏறி வருகிறார்கள்,
நேற்றைவிட ஒரு படி கூட.
அவன் எண்ணுகிறான்.
நாங்களும் எண்ணினோம்.
அன்ரி பயற்றங்காய் முறிப்பதை நிறுத்திவிட்டு
மடியில் கையை வைத்துக்கொண்டா.
கடைசி இரவு. கடைசிப் படி.
கைப்பிடி திரும்புகிறது,
கதவு மெல்ல

அவன் கட்டிலில் விழித்துக்கொள்கிறான்.
கனவாம்.
மனைவி கோப்பி கொண்டு வருகிறாளாம்.

முதலில் செபமாலையைத்தான் சந்தேகப்பட்டோம்.
"ஒழுங்காய்ச் சொல்லடா."
"ஆணையாய்க் கனவுதான்."
ஒவ்வொரு கிழமையும் கடைசியில் வந்து
எங்களைப் பார்த்துச் சிரிக்கும் அந்தக் கோட்டுக்கார மனுசன்
அன்றைக்குத் தரையைப் பார்த்துச் சிரித்த மாதிரி இருந்தது.
அரைமணி நேரம் பிடித்த மூச்சுக்கு
வட்டி கேட்டான் கிருபைராஜா, வங்கிக்காரன்.
துவான் சஹீட் ஒன்றும் சொல்லவில்லை.
கதிரையைத் தூக்கினார், போனார்.

பாயில் கிடந்து நான் முடிவை மாற்றி எழுதினேன்.
படியேறி வருவது அவனேதான்.
இல்லை, அவன் போன வருடம் புதைத்த தம்பி.
இல்லை, ஏறுவதே இல்லை,
ஒவ்வொரு இரவும் அறைதான் ஒரு படி கீழே இறங்குகிறது.
நாலாவது இன்னும் நல்லது. அது எனக்கே குளிர்ந்தது.

எங்கள் மாடிக்குப் பதினாறு படி.
பதினான்காவது முனகும்.
ஒன்றரை மணிக்கு முனகியது.
பிறகும் முனகியது. பிறகும்.
ஒரு ஆளில்லை.

ரோச் வெளிச்சம் சுவரில் நடந்தது.
அடையாள அட்டைகள் சீட்டுக்கட்டுப் போல ஒரு கையில்.
மற்றவர்கள் கட்டிலுக்குக் கீழே தேட,
அட்டை பிடித்திருந்த இளம் பொலிஸ்காரன்
உறை போட மறந்த ரீவியைக் கண்டுவிட்டான்.
"இன்றைக்குப் பார்த்தீர்களா?" என்றான் சிங்களத்தில்.
"எனக்கு டியூட்டி.
போன கிழமை விளம்பரத்தில் படி மட்டும் காட்டினார்கள்.
வந்தது யார்?"

செபமாலைக்கு நாக்கு வரவில்லை.
என்னிடம் நாலு முடிவு இருந்தது.
நாலிலும் ஒருவன் சாகிறான்.
"கனவு, சேர்."
"அவ்வளவுதானா?"
"அவ்வளவுதான், சேர்."
பத்து மணிக்கு எங்களுக்கு விழுந்த அதே முகம்
அவனுக்கும் விழுந்தது.

அட்டைகளைத் திருப்பித் தந்தான்.
கிருபைராஜாவினுடையது சட்டைப்பைக்குள் போனது.
சின்ன விசாரணைதானாம்.
கிருபை சாரத்தை அவிழ்த்து நீளக் காற்சட்டை போட்டான்,
தலை இழுத்தான்,
வங்கிக்குப் போகிற மாதிரியே.
அவர்கள் இறங்கும் படிகளை எண்ணினேன்.
பதினாறு முடிந்த பிறகும்
எண்ணிக்கொண்டே இருந்தேன்.

கட்டில். விழிப்பு. கோப்பி.
அந்த மட்டமான முடிவைத்தான்
விடியும்வரை கேட்டுக்கொண்டு கிடந்தேன்,
யாரிடம் என்று தெரியாமல்.

வியாழன் பின்னேரம் வந்தான்.
குளித்தான். சோறு போதும் என்றான்.
நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த செவ்வாய் நல்ல கதையாம்.
முடிவில் துவான் சஹீட் கைதட்டினார்,
அன்ரி "ஐயோ" என்றா.
எனக்குக் கதை ஞாபகம் இல்லை.
ரயில் போனது, படம் ஆடியது,
கிருபை எழும்பிப் போய்க் கம்பியைப் பிடித்தான்,
இடது கையால்.
பிளேன்ரீ மேசையில் ஆறிக்கொண்டிருந்தது.